இழுக்கவா, தள்ளவா

காரை நாமே சரி பண்ணலாம் என்று நீலா ஒப்புக்கொண்டது கணவர் வேணுகோபாலின் முகத்தைப் பார்த்துத்தான். மற்றபடி அவளுக்கும் ஸ்பேனருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஹைதராபாத்தின் லோத்குண்டாவில், ராணுவ நிலத்தின் நீண்ட மதிலுக்கு எதிரே அவர்கள் வீடு. வேணுகோபால் வேலூர்க்காரர். மீசை சரியாக முளைக்காத வயதில் ரயிலேறி வந்து, மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிரிவில் சேர்ந்தார். அங்கேயே போர்மேன் ஆனார். ஓய்வு பெறப் போகிற வருஷம் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டே வாஷ்பேசின் பக்கத்தில் சரிந்து விழுந்தார். வலது கையும் வலது காலும் போயின. கால் கொஞ்சம் திரும்பி வந்தது, ஊன்றுகோலோடு கூடத்தைக் கடக்கிற அளவுக்கு. கை வரவில்லை.

பேச்சுதான் விசித்திரமாகப் போயிற்று. மற்றவர்கள் பேசுவது அவருக்கு நன்றாகப் புரிந்தது. பேப்பரைப் பிரித்துவைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பார்த்தார். ஆனால் வாயைத் திறந்தால் தமிழ் வராது. தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஹைதராபாத்காரர்களிடம் பேசிப் பேசி ஒட்டிக்கொண்ட உருது வார்த்தைகள்தான் சில வந்தன. அவற்றிலும் சரளமாக வந்தவை இரண்டு. ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’. வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’. கொடுமை என்னவென்றால், அந்த இரண்டும் சில சமயம் இடம் மாறிவிடும். காபி வேணுமா என்று கேட்டால் ஹவ் என்பார். கொண்டுபோய்க் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், அவர் எதைச் சொன்னாலும் உற்சாகப்படுத்துங்கள், தப்பென்று சுட்டிக்காட்டினால் பேச முயற்சி செய்வதையே விட்டுவிடுவார் என்று சொல்லியிருந்தாள். நீலா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஹவ் என்றால் ஹவ். வேண்டாத காபியைச் சமையலறையில் நின்றபடி தானே குடித்துவிடுவாள்.

கார் பழையது, சிவப்பு. வாங்கிய நாளிலிருந்து அதன் பானட்டுக்குள் வேணுகோபாலைத் தவிர வேறு யாரும் கை வைத்ததில்லை. ஒர்க்‌ஷாப்புக்கு விட்டால் நல்லதைக் கழற்றிக்கொண்டு நாறலை மாட்டிவிடுவார்கள் என்பது அவர் கட்சி. ஓட்டுவதும் அவர்தான். நீலாவிடம் லைசென்ஸ் இருந்ததே தவிர பழக்கம் இல்லை. அவர் விழுந்த பிறகு வேறு வழியில்லாமல் ஓட்டினாள். வாடகைக் கார்க்காரர்கள் ஊன்றுகோலையும், இழுத்து இழுத்து வைக்கிற காலையும் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஆட்டோவில் அவரால் ஏற முடியவில்லை. ஆக, செகந்திராபாத்தில் இருந்த பிசியோதெரபிக்குப் போக அந்தச் சிவப்புக் கார் ஒன்றுதான் வழி.

அந்தக் கார் ஒரு வாரமாகக் கிறீச்சிட்டது. காலையில் கிளப்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும். அப்புறம் பேட்டரி விளக்கு எரிய ஆரம்பித்தது. முதல் தடவை கிறீச்சிட்டபோதே வேணுகோபால் பக்கத்து இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது கையின் ஒரு விரலால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினார். பெல்ட் என்று நீலாவுக்குப் புரிந்தது. அது தளர்ந்திருக்கிறது, இழுத்துக் கட்ட வேண்டும்.

பெரிய சாலையில் இர்பான் என்று ஒருவரின் ஒர்க்‌ஷாப் இருக்கிறதே, அங்கே விட்டுவிடலாமா என்று கேட்டாள். அவர் நக்கோ என்றார். இந்த நக்கோ நக்கோதான், சந்தேகமில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குக் கீழே இருந்த இரும்புப் பெட்டியிடம் தானே நடந்துபோய் அதைக் காலால் தட்டினார். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எதையாவது வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. சோறு, மாத்திரை, டிவி, தூக்கம், எல்லாமே நீலா கொடுத்து அவர் வாங்கிக்கொண்டவைதான். அவர் கண்ணில் அன்றைக்கு ஒரு வெளிச்சம் இருந்தது. அதைப் பார்த்த பிறகு அவளால் மறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால் ஆரம்பித்தார்கள். போர்டிகோவில் காரின் மூக்கருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தாள். பழைய நைட்டி ஒன்றை மாட்டிக்கொண்டு, கூந்தலை முடிந்துகொண்டு, பானட்டைத் திறந்தாள். அவர் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினார். முதலில் பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னார். பிறகு டைனமோவைக் காட்டினார். அதைக் கீழே ஒரு போல்ட்டும் மேலே ஒரு போல்ட்டும் பிடித்திருந்தன. இரண்டையும் தளர்த்தி, டைனமோவை நெம்பி வெளியே தள்ளினால் பெல்ட் விறைக்கும். அப்படியே வைத்து மறுபடி முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. நீலா ஸ்பேனர்களைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். சரியானது வந்ததும் அவர் தலையை ஆட்டினார்.

கீழ் போல்ட் நேராக அவளைப் பார்த்து இருந்தது. இரண்டு திருகலில் தளர்ந்துவிட்டது. ஜாடி மூடி மாதிரிதானே இதுவும் என்று அவள் சிரித்தாள். வேணுகோபாலும் சிரித்தார், பாதி முகத்தால். அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து நாளாகியிருந்தது.

மேல் போல்ட் அப்படி இல்லை. அதன் தலை எஞ்சின் பக்கமாகத் திரும்பியிருந்தது. கையைப் பின்னால் விட்டு விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். துரு மணல்போல உதிர்ந்தது. ஸ்பேனரை எப்படியோ மாட்டிவிட்டாள். ஆனால் எந்தப் பக்கம் திருப்புவது? பின்னாலிருந்து பார்க்கும்போது எல்லாம் தலைகீழாகத் தெரியும், அதனால் அந்தப் பக்கமாகத் தள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. மனசுக்குள் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் பார்த்தாள். தள்ள வேண்டும் என்றுதான் மறுபடியும் வந்தது. இருந்தாலும் அவரைக் கேட்டாள்.

“இழுக்கவா, தள்ளவா? என் பக்கமா இழுக்கவா?”

“ஹவ்” என்றார் வேணுகோபால்.

அவள் ஒரு கணம் நின்றாள். அந்த ஒரு கணம் பிறகு எத்தனையோ தடவை அவளுக்குள் திரும்பி வந்தது. தனக்குத் தோன்றியது வேறு என்பது நன்றாகத் தெரிந்தது. ஆனால் அவர் நாற்பது வருஷம் போல்ட் கழற்றியவர். அதைவிட, இன்றைக்கு அவர் சொன்னபடி ஒன்று நடக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு. இழுத்தாள்.

போல்ட் அசையவில்லை. துரு என்று நினைத்தாள். அவள் எந்தப் பக்கம் திருப்புகிறாள் என்பது நாற்காலியிலிருந்து தெரிந்திருக்காது, அவர் பெட்டியைக் காட்டினார். அதில் ஒரு நீளக் குழாய் கிடந்தது. இறுகிப்போன போல்ட்டுக்கு ஸ்பேனரின் வாலில் குழாயைச் செருகி நீளம் கூட்டிக்கொள்வது அவர் வழக்கம் என்று அவளுக்கு நினைவிருந்தது. செருகினாள். உடம்பின் கனத்தையெல்லாம் சேர்த்து இழுத்தாள். ஏதோ கொஞ்சம் இளகினமாதிரி இருந்தது.

“ஹவ்” என்றார் அவர். “ஹவ், ஹவ், ஹவ்!”

குரல் ஏறிக்கொண்டே போனது. அவர் நாற்காலியிலிருந்து எழ முயல்வது ஓரக்கண்ணில் தெரிந்தது. உற்சாகத்தில் எழுகிறார் என்று நினைத்தாள். இதோ வந்துவிட்டது என்று இன்னும் பலமாக இழுத்தாள். டக்கென்று ஒரு சத்தம். குழாயும் ஸ்பேனரும் அவளோடு சேர்ந்து பின்னால் வந்தன. கை ரேடியேட்டர் விளிம்பில் மோதி விரல் முட்டித் தோல் உரிந்தது. போல்ட்டின் தலை மட்டும் எஞ்சினுக்கு அடியில் எங்கேயோ தட்டித் தட்டி விழுந்து, சிமென்ட் தரையில் உருண்டு வந்து நின்றது. துரு பிடித்த தலை. முறிந்த இடம் மட்டும் புது வெள்ளிபோல மின்னியது.

நீலா அவரைப் பார்த்தாள். வாய் திறந்திருந்தது. கண் அந்த உடைந்த தலையிலேயே இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் கத்தியது நிறுத்து என்று. நக்கோ என்று சொல்லத்தான் அத்தனை பாடுபட்டிருக்கிறார். வாயிலிருந்து ஹவ் வந்திருக்கிறது. கத்தக் கத்த ஹவ்வேதான் வந்திருக்கிறது.

வேணுகோபால் இடது கையைத் தூக்கித் தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். ஒரு தடவை இல்லை. நீலா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முட்டியிலிருந்து வழிந்த ரத்தம் அவர் சட்டையில் பட்டது.

“என் தப்புங்க. நான்தான் மாத்தித் திருப்பிட்டேன்.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மதில் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம். இர்பானுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஆனால் அவர் சிறிது நேரத்தில் தானாகவே பெட்டிப் பக்கம் கையை நீட்டினார். தோற்ற இடத்தில் எழுந்திருக்கப் பார்க்கிறார் என்று அவளுக்குப் பட்டது. சரி என்றாள். அவர் காட்டக் காட்ட டைனமோவின் வயர்களைப் பிடுங்கினாள், கீழ் போல்ட்டை முழுதாக உருவினாள், சின்னக் குழந்தையைத் தூக்குவதுபோல டைனமோவைத் தூக்கி வெளியே எடுத்தாள். அதன் மேல்பக்கத்தில் காது மாதிரி நீட்டிக்கொண்டிருந்த அலுமினியத் துண்டில், ஓட்டைக்குள் உடைந்த போல்ட் புதைந்து கிடந்தது. பிடித்து இழுக்க ஒரு நகக்கண் அளவுகூட வெளியே இல்லை. நடுவில் ஒரு துளை போட்டு, தலைகீழ்த் திருகு வெட்டிய ஒரு குச்சியை அதில் விட்டுத் திருப்பினால் உள்ளே இருப்பது சுற்றிக்கொண்டே வெளியே வரும். அவர் இதைச் செய்து அவள் பார்த்திருக்கிறாள். குச்சி பெட்டியில் இருந்தது.

ஸ்டூல் மேல் டைனமோவை வைத்து, அவர் இடது கையாலும் முழங்கால்களாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நீலா டிரில்லை எடுத்தாள். சுவரில் ஆணி அடிக்க ஓட்டை போட்ட பழக்கம் உண்டு, அவ்வளவுதான். சுவர் வேறு, இது வேறு. டிரில் முனை போல்ட்டின் முறிந்த முகத்தில் நிற்கவே இல்லை. வழுக்கி வழுக்கி ஓரத்துக்குப் போனது. இரும்பைவிட அலுமினியம் மென்மையானது. ஓரத்தில் அது கிடைத்ததும் முனை அதற்குள் இறங்கிவிட்டது. அவள் விரலை எடுப்பதற்குள் முனை கடித்துக்கொண்டது. டைனமோ முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி அவர் பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்தது. அதைப் பிடிக்க அவர் முன்னால் பாய்ந்தார். பாய்ந்த பிறகுதான் தன் வலது பக்கம் இல்லாதது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். நாற்காலி பின்னால் நழுவ, அவர் தரையில் சரிந்தார்.

அடி பலமில்லை. தலை படவில்லை. முழங்கை சிராய்த்திருந்தது. காரின் பம்பரில் முதுகு சாய, கால்கள் நீண்டுகிடக்க உட்கார்ந்திருந்தார். டைனமோவின் காது உடைந்து தனியாகக் கிடந்தது.

நீலா அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். முடியவில்லை. முன்னால் நின்று இடுப்பைப் பிடித்து இழுத்தாள். நாற்காலியைக் கொண்டுவந்து பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அது வழுக்கிக்கொண்டு போனது. அவர் இடது காலை உதைத்து உதைத்து முயன்றார். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியதுதான் மிச்சம். தெருவில் யாரும் இல்லை. எதிரே மதில், மதிலுக்குப் பின்னால் காலி நிலம்.

கொண்டாப்பூரில் இருக்கிற மகள் பத்மப்ரியாவுக்குப் போன் செய்தாள். அவள் நீலா தமிழில் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு இங்கிலீஷில் கோபித்துக்கொண்டாள். ஏன் அதைத் தொட்டீர்கள், அப்பாவை எதற்கு வெளியே உட்கார வைத்தாய் என்றாள். கடைசியில் மட்டும் “வரேம்மா” என்றாள். ஊரின் அந்தக் கோடியிலிருந்து அவள் வந்து சேர ஒரு யுகம் ஆகும். மாடியில் குடியிருக்கிற பத்ரிக்குப் போட்டாள். அல்வாலில் காய்கறி வாங்கிக்கொண்டிருக்கிறேன் ஆன்ட்டி, கிளம்பிட்டேன் என்றார்.

செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. நீலா அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். வெயில் போர்டிகோவுக்குள் வந்துவிட்டது. முந்தானை இல்லாததால் கையாலேயே அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். மை பூசியதுபோல கிரீஸ் ஒட்டிக்கொண்டது. நல்லவேளை தலையில் படவில்லை, எல்லாம் என்னால்தான், நான் சரியாகத் திருப்பியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று சமாதானம் சொல்லிக்கொண்டே போனாள்.

வேணுகோபால் தரையை ஓங்கி அறைந்தார்.

அவள் நிறுத்தினாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் இருந்தது வலி இல்லை, கோபம். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், அவள் எதையாவது மூடி மறைத்தால் பார்ப்பாரே, அந்தப் பார்வை. ஏதோ ஒரு வார்த்தையை இழுத்துக் கொண்டுவரப் பார்த்தார்.

“கை... கைக்கு?” என்றார்.

உருதுவில் ஏன் என்று கேட்கிறார். எதற்கு ஏன்? அவள் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. பழியை ஏன் தன் மேல் போட்டுக்கொள்கிறாள் என்பதுதான் என்று கேட்காமலே தெரிந்தது.

“நீங்க ஹவ்னு சொன்னீங்க” என்றாள். “இழுக்கவான்னு கேட்டேன். ஹவ்னீங்க. எனக்குத் தள்ளணும்னுதான் தோணுச்சு. தெரிஞ்சேதான் இழுத்தேன். நீங்க நிறுத்தச் சொல்லிக் கத்துனதும் எனக்கு வேற மாதிரி கேட்டுச்சு. உங்க வாய்ல மாறி வருதுங்க. ரொம்ப நாளா மாறி வருது. காபிக்கு ஹவ்னு சொல்றீங்களே, அதுலயும் பாதி நாள் மாறித்தான் வருது. நான் ஒண்ணும் சொல்லாம இருந்துட்டேன்.”

சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். எதைச் சொல்லக்கூடாது என்று பேச்சுப் பயிற்சிப் பெண் சொன்னாளோ அதைச் சொல்லியாகிவிட்டது. இனிமேல் அவர் வாயே திறக்காமல் போய்விட்டால்?

அவர் அழவில்லை. தலையை மேலும் கீழுமாக, மிக மெதுவாக அசைத்தார். தெரியும் என்பதுபோல. இத்தனை நாள் அவள் அதைத் தெரியாததுபோல நடந்துகொண்டது மட்டும்தான் தனக்குத் தெரியாது என்பதுபோல. இடது கையை அவள் முழங்கால் மேல் வைத்தார். அவள் கையின் உரிந்த விரல் முட்டியைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார்.

அந்தத் தொடுதல் எதையும் சரி செய்யவில்லை. அவர் இன்னும் தரையில்தான் இருந்தார். இனிமேல் அவர் ஒரு வார்த்தை சொன்னால் அதை நம்புவதா, திருப்பி எடுத்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது. இரண்டு பேருக்கும் தெரியாது என்பது மட்டும் இப்போது இரண்டு பேருக்கும் தெரியும்.

பத்ரி ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். நல்ல மனிதர், பலசாலி. வந்த வேகத்தில் வேணுகோபாலின் வலது தோளைப் பற்றித் தூக்கப் போனார். செயலற்ற அந்தத் தோளைப் பிடித்துத் தூக்கினால் மூட்டு நழுவிவிடும். நீலா குறுக்கே கைநீட்டித் தடுத்து, இடது பக்கம் வரச் சொன்னாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரை நிமிர்த்தி, உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். பத்ரி டைனமோவைப் பார்த்து உச்சுக்கொட்டினார். கேட்டிருந்தால் நானே ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போயிருப்பேனே அங்கிள் என்றார்.

பத்மப்ரியா வந்தாள். கோபமெல்லாம் வழியிலேயே தீர்ந்துபோயிருந்தது. அப்பாவின் முழங்கைக்கு மருந்து போட்டாள், அம்மாவின் கைக்குக் கட்டுப் போட்டாள், சோறு வடித்தாள். மறுநாள் ஆபீஸ் இருந்ததால் சாயங்காலம் கிளம்பினாள். போகும்போது வாசலில் நின்று, இனிமேல் இந்தமாதிரி எதுவும் செய்ய வேண்டாம் என்று அம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். வீடு சின்னது. அது எல்லோருக்கும் கேட்டது.

திங்கட்கிழமை பிசியோதெரபிக்குப் போக முடியவில்லை. கூப்பிட்ட வாடகைக் கார்கள் இரண்டும் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. மதியம் இர்பான் ஒரு வண்டியோடு வந்தார். காது போய்விட்டது அம்மா, இந்த டைனமோ இனி ஆகாது, வேறுதான் போட வேண்டும் என்று அவருடைய உருதுவில் பக்குவமாகச் சொன்னார். பழையதில் நல்லதாக ஒன்று பார்க்கட்டுமா, புதிதே வாங்கட்டுமா என்று கேட்டார்.

நீலா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். கூடத்து ஜன்னலருகே உட்கார்ந்திருந்த வேணுகோபாலைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க” என்றாள்.

அவர் உதடு அசைந்தது. இர்பான் மரியாதையாகக் காத்திருந்தார். முதலில் அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு சுவரில் இருந்த காலண்டரை, பிறகு தன் செருப்பை. வேணுகோபாலின் கழுத்து நரம்பு புடைத்தது. ஹ என்று ஒரு சத்தம் வந்தது. அதை அவரே பாதியில் பல்லால் கடித்து நிறுத்தினார். வேறு எதுவும் வரவில்லை. கடைசியில் அவர் இடது கையை லேசாகத் தூக்கி நீலாவின் பக்கம் விட்டார். நீயே சொல் என்பதுபோல.

“புதுசே போட்டுடுங்க” என்றாள் நீலா.

சிவப்புக் காரைச் சங்கிலியில் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். முன்னால் மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்சக்கரத்தில் உருண்டு, அது மதில் ஓரமாகப் போய்த் திரும்பியது. வேணுகோபால் பார்த்தாரா என்று நீலா திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் போர்டிகோவைக் கூட்டினாள். கார் இல்லாமல் அது பெரிதாகத் தெரிந்தது. அலுமினியச் சீவல் துடைப்பத்தில் சிக்கிச் சிக்கி வந்தது. கருவிகளைத் துணியால் துடைத்துப் பெட்டியில் அடுக்கினாள். அவற்றுக்கு என்று ஒரு வரிசை உண்டு. அளவுப்படி, பெரியதிலிருந்து சின்னதுக்கு, தட்டுக்குத் தட்டு. அவருடைய ஒழுங்கு. அவளுக்கு அது தெரியாது. தவறாக வைத்தால் ஜன்னலிலிருந்து ஒரு அதட்டல் வரும் என்று எதிர்பார்த்து, ஒரு ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி, வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்தாள். அவர் ஜன்னலில்தான் இருந்தார். அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றும் சொல்லவில்லை.

நீலா ஸ்பேனரைக் கைக்கு வந்த இடத்தில் வைத்துப் பெட்டியை மூடினாள்.